வீர நாரிமன்

மும்பை மாநகரில் வாழும் நம்மவர்களுள் நாரிமன் என்னும் பெயரை வாயால் சொல்லாதவர் எவரும் இரார். சர்ச்கேட் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குறுக்கே செல்லும் சாலை வீர நாரிமன் சாலை. கடலோரமாகவே தெற்கு நோக்கி நடந்தால் வானளாவிய கட்டடங்கள் நிற்கும் இடம் நாரிமன் பாயிண்ட். நம்மில் எத்தனையோ பேர் அக்கட்டடங்களில் உத்தியோகம் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டோம். ஆயினும் அந்த நாரிமன் யார், எதற்காக அவர் வீரர் எனப் பெற்றார், எதற்காக அவரைத் தாம் உழைத்த ஸ்தாபனமே வெளியே தள்ளிற்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. பிழைக்க வந்த ஊரின் பெரியோரைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது தகும் என்ற எண்ணத்தால் இவ்வாண்டு மலருக்கு அவருடைய வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

குர்ஷேத் பிராம்ஜி நாரிமன் 1883-ஆம் வருஷத்தில் தாணாவில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். வக்கீல் தொழிலுக்குப் படித்துப் பம்பாயில் தொழில் நடத்தினார். பார்ஸி வகுப்பினர் தொகையில் சிறியர். ஆனால் கல்வியிலும் வியாபாரத்திலும் தர்மத்திலும் பெரியர். காங்கிரஸை ஆரம்ப காலத்தில் வளர்த்த தாதாபாய் நௌரோஜி, பிரோஸ்ஷா மேத்தா, தின்ஷா வாச்சா ஆகிய மூவரும் அவ்வகுப்பில் தோன்றியவர்களே. காந்தியடிகளின் காலம் வந்ததும் நிலைமை மாறிற்று. 1921 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்திறங்கிய அன்று, அவரை வரவேற்கச் சென்ற பார்ஸிகளுக்கும் பகிஷ்காரம் செய்த கூட்டத்துக்கும் கலகம் மூண்டு உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதன்பின் அவ்வகுப்பில் பெரும்பாலோர் காங்கிரஸை ஐயக்கண் கொண்டே நோக்கினர். அத்தகைய நாளில் ஒரு பார்ஸி வக்கீல் கதருடுத்துக் காங்கிரஸில் முன்னணியில் நிற்பதென்றால், தம்மவரிடம் அந்நியராகவும் பிறரிடம் பார்ஸியாகவும் எண்ணப்படுவதற்கு அவர் ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். நாரிமன் ஆயத்தமாகவே இருந்தார். பின்னால் விளைந்தவற்றை ஆராயும்போது இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய பெயர் நாடெங்கும் பரவியதற்குக் காரணம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் ஒரு திட்டமாகும். அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஏனெனில் நாரிமனது சட்டசபை வாழ்க்கையின் சாரம் முழுதும் அதில் அடங்கியிருக்கிறது.

முதல் மகாயுத்தம் முடிந்த சமயம் பம்பாயில் பணம் புரண்டது. நிலத்தின் விலை நாளொரு மேனியாக ஏறிற்று. குடியிருக்க இடமோ கிடைக்கவில்லை. 1918 இறுதியில் கவர்னராக வந்த ஸர் ஜார்ஜ் லாயிட் பெரிய காரியங்களில் விருப்பமுடையவர். சிந்து நதியின் மீது சுக்கூர் அணைக்கு அடிகோலியவரும் அவரே. பம்பாயின் மேற்குக் கரையில் சர்ச்கேட்டுக்கும் கொலாபாவுக்கும் இடையே வளைந்து கிடந்த பின்வளைகுடாவில் 1,145 ஏக்கர் கடலைத் தூர்த்து நிலமாக்குவதென்றும், அதை விற்று வரும் லாபத்தைக் கொண்டு நகரத்தை விருத்தி செய்வதென்றும் அவர் தீர்மானித்தார். இதற்கென்றே வளர்ச்சி இலாகா ஒன்று நிறுவப்பட்டது. பெருந்தொகை கடன் திரட்டப்பட்டது. நகருக்குள் வரும் பஞ்சுப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் வரியும் விதிக்கப்பட்டது. மில் தொழிலாளருக்காக அந்த இலாகா வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் கட்டிய சால்களை அன்பர்கள் அறிவார்கள். 50,000 அறைகள் என்று திட்டமிட்டுச் சுமார் 16,000 அறைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இலாகாவின் பெயராகிய மூன்று ஆங்கில எழுத்துக்களாலேயே அவை இன்றளவும் பி.டி.டி. சால்கள் என்று வழங்குகின்றன. சமீப வருஷங்களில் அவற்றை இடித்துப் புதுக்கும் வேலை நடைபெற்று வருகிறது.

பின்வளைகுடாவில் வேலை நடந்த விதம் இது. முதலில் கடலுக்குள் கருங்கற்களைக் கொட்டி நீண்ட சுவர் எழுப்பினார்கள். அதற்கான கல் கண்டிவ்லி மலையில் வெட்டப்பட்டு ரயில் மார்க்கமாக வந்தது. பிறகு துறைமுகப் பக்கத்துக் கடலடியிலிருந்து தூர்வாரும் கப்பல் சேற்றை அகழ்ந்தெடுக்க, அச்சேறு பெரிய குழாய்களின் வழியாகச் சுவருக்கு உட்புறம் வந்து விழவேண்டும். காகிதத்தில் யாவும் செவ்வையாக இருந்தது. கடலோ காகிதத்தைப் படிக்கவில்லை. கப்பல் எதிர்பார்த்த அளவுக்குச் சேற்றை எடுக்க மாட்டாதாயிற்று. எடுத்துக் கொட்டிய சேறும் கற்சுவரின் சந்துகளின் வழியே கசிந்து மறுபடியும் கடலையே அடைந்தது. மதிப்பீட்டுத் தொகை வருஷந்தோறும் ஏறிக்கொண்டே போயிற்று. அதற்குள் யுத்தகாலச் செழிப்பும் ஓய்ந்து, நிலத்தின் விலை விழுந்துவிட்டது. ஊர்மக்கள் இதனை லாயிட்டின் மடமை என்று பெயரிட்டுப் பரிகசித்தார்கள். லாயிட் துரையோ 1923 கடைசியில் பதவிக்காலம் முடிந்து சீமைக்குத் திரும்பிவிட்டார்.

ரயில்வேயில் காலங் கழித்தவனாகையால் இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பி.பி.ஸி.ஐ. ரயில்வேயின் வண்டிகள் அக்காலத்தில் சர்ச்கேட்டையும் கடந்து கொலாபா வரையில் ஓடின. தூரப் பிரயாணிகளுக்கான பெரிய நிலையமும் கொலாபாவிலேயே இருந்தது. இந்தத் தூர்க்கும் திட்டத்தின் பொருட்டு அந்த நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமென்று கேட்டதால்தான், பம்பாய் சென்ட்ரல் நிலையம் கட்டப்பட்டு 1930 டிசம்பர் 18-ஆம் தேதி திறக்கப்பட்டது. அவ்வருஷத்தின் கடைசி இரவோடு கொலாபா நிலையம் மூடப்பட்டது. ஒரு கவர்னரின் ஆசையால் தண்டவாளமே இடம் பெயர்ந்தது.

1919-ஆம் வருஷச் சீர்திருத்தச் சட்டப்படி மாகாணங்களில் நடந்தது இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம் போன்றவை மந்திரிகளிடம் இருந்தன. பணம், போலீஸ் போன்ற சாரமான இலாகாக்கள் கவர்னரும் அவருடைய நிர்வாக சபையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டவை. சட்டசபை அவற்றின் மானியத்தை வெட்டினாலும் கவர்னர் தம் விசேஷ அதிகாரத்தால் திரும்பவும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே அங்கத்தினர்களுக்கு உண்மையில் இருந்த ஆயுதம் ஒன்றே: கேள்வி கேட்பது. சுயராஜ்யக் கட்சியின் சார்பில் பம்பாய்ச் சட்டசபைக்குச் சென்ற நாரிமன் அந்த ஆயுதத்தைத் தீட்டிப் பயன்படுத்தினார். அவர் வெறும் ஆவேசப் பேச்சை நம்பவில்லை. எத்தனை கன கஜம் சேறு எடுக்கப்பட்டது, எத்தனை தங்கிற்று, எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவர் சிபார்சின் பேரில் கொடுக்கப்பட்டது என்று கணக்கைக் கணக்கால் மடக்கினார். சட்டசபையில் தொடங்கியதைப் பத்திரிகைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் கொண்டு சென்றார். ஒரு குமாஸ்தா பேரேட்டைப் புரட்டுவதுபோல அவர் அந்த இலாகாவைப் புரட்டினார் என்றால் மிகையாகாது.

அக்கூச்சலின் பயனாக 1926-இல் இந்திய சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. அலகாபாத் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி ஸர் கிரிம்வுட் மியர்ஸ் அதற்குத் தலைவர். திட்டம் தக்க ஆராய்ச்சியின்றித் தொடங்கப்பட்டதென்பது அவ்விசாரணையில் வெளியாயிற்று. எட்டுப் பகுதிகளாக வகுத்திருந்த திட்டத்தில் வடக்கே இரண்டும் தெற்கே இரண்டும் மாத்திரம் முடிக்கப்பட வேண்டும், நடுவிலுள்ள நான்கை நிறுத்திவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1,145 ஏக்கரில் கரையேறியது ஏறத்தாழ 440 ஏக்கர். அதிலும் பாதிக்கு மேல் ராணுவத்துக்கு விற்கப்பட்டது. வடபகுதிகளின் ஓரத்தில்தான் பிற்பாடு மரீன் டிரைவ் எழுந்தது.

இந்த விசாரணையையொட்டி நாரிமன் கூறிய குற்றச்சாட்டுக்களால் தம் மானத்துக்குப் பங்கம் வந்ததென்று ஹார்வி என்ற இஞ்சினியர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். சட்டசபைக்குள் பேசியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. வெளியே பேசியதற்கோ எழுதியதற்கோ அது கிடையாது. ஒரு சர்க்கார் இலாகாவின் உள்விவகாரங்களைத் தனி மனிதர் கோர்ட்டில் நிரூபிப்பது எளிதன்று. ஆவணங்கள் எல்லாம் எதிராளியின் பெட்டியில் இருக்கும். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சம்பளத்துக்கு அஞ்சுவார்கள். வழக்கு வெகுநாள் நீடித்தது. தினந்தோறும் பத்திரிகைகளில் விசாரணை விவரங்களைப் படிக்க மக்கள் காத்திருந்தனர். முடிவில் நாரிமன் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார். வீர நாரிமன் என்று ஊரார் அன்புடன் அழைத்தது சும்மா வந்த பட்டமன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிறுத்திவைக்கப்பட்ட நடுப்பகுதிகளில் கடலைத் தூர்க்கும் வேலை சுதந்திரத்துக்குப் பின் மறுபடியும் எடுக்கப்பட்டு, 1960-களிலும் 1970-களிலும் அங்கே புதுநிலம் தோன்றியது. அந்த நிலத்துக்குத்தான் நாரிமன் பாயிண்ட் என்று பெயர். தூர்க்கும் திட்டத்தின் ஊழலை வெளியாக்கியவர் பெயரே தூர்த்த நிலத்துக்கு வாய்த்தது. அந்த மனைகளைக் குத்தகைக்கு விட்ட முறை சரியல்லவென்று 1970-களில் பிலூ மோடி முதலியோர் ஹைகோர்ட்டுக்குச் சென்றார்கள். அவரும் பார்ஸியே, அவரும் சட்டம் செய்யும் சபையில் அங்கத்தினரே.

சைமன் கமிஷன் 1928 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் இறங்கிய காலத்தில் பகிஷ்காரத்தை முன்னின்று நடத்திய இளைஞர்களுக்கு நாரிமன் தலைவராயிருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு. ஆயினும் யூஸுப் மெஹரலி போன்ற இளங்காளைகள் அவரைத் தம்மில் ஒருவராகவே பாவித்தனர். லாகூர்க் காங்கிரஸின் கட்டளைப்படி 1930 தொடக்கத்தில் காங்கிரஸ்காரர்கள் சட்டசபைகளை விட்டு வெளியேறினார்கள். ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் பம்பாயில் முதல் வரிசையில் கைதானவர்களுள் நாரிமனும் ஒருவர். அதன்பின் சிறையும் விடுதலையுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன.

சிறை சென்றதனால் அவர் வாயடங்கிவிடவில்லை. சட்டமறுப்பு இயக்கம் தளர்ந்து நின்றபோது, காங்கிரஸ் எத்திசையில் செல்கிறது என்று வினவி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அரசியலில் ஆன்மிகத்தைக் கலப்பதும், ஒருவருடைய உள்ளுணர்வுக்குக் கோடிக்கணக்கானவர் கட்டுப்படுவதும் தகாதென்று அதில் காந்தியடிகளின் தலைமையையே நேருக்கு நேர் கண்டித்தார். சர்க்காரைக் கேள்வி கேட்டவர் தம் தலைவரையும் அதே குரலில் கேள்வி கேட்டார். முன்னதற்கு மாலை கிடைத்தது. பின்னதற்கும் மாலை கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அவர் அரசியல் அறியாதவர் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆயினும் 1934 அக்டோபரில் பம்பாயில் ராஜேந்திர பிரசாத் அவர்கள் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது வரவேற்புக் கமிட்டித் தலைவர் நாரிமன்தான். பம்பாய் மாகாணக் காங்கிரஸ் கமிட்டியின் தலைமையும் அவரிடமே இருந்தது. 1935-இல் நகரத்தின் மேயராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். வெளிப்பார்வைக்கு அவருடைய நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. அதே 1934 நவம்பரில்தான் அவரைப் பின்னால் வீழ்த்திய காரியமும் நடந்தது.

மத்திய சட்டசபைக்குப் பம்பாய் நகரத்திலிருந்து இரண்டு ஸ்தானங்கள். காங்கிரஸ் அபேட்சகர்களாக டாக்டர் ஜி. வி. தேஷ்முக்கும் கே. எம். முன்ஷியும் நின்றார்கள். எதிரே நின்றவர் ஸர் கௌவாஸ்ஜி ஜஹாங்கீர். பார்ஸி வகுப்பின் பெருந்தனவந்தர். 1952-இல் ஜஹாங்கீர் கலைக்கூடத்தை நகருக்கு அளித்த வள்ளலும் அவரே. தேஷ்முக் வென்றார், கௌவாஸ்ஜியும் வென்றார், முன்ஷி தோற்றார். மாகாணக் காங்கிரஸின் தலைவராயிருந்தும் நாரிமன் முன்ஷிக்காக மனமார உழைக்கவில்லை, தம் வகுப்பினராகிய கௌவாஸ்ஜிக்கு மறைமுகமாக உதவினார் என்று ஒரு புகார் எழுந்தது. அதை மிகவும் மனத்தில் வைத்துக்கொண்டவர் சர்தார் வல்லபாய் படேல். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்வளைகுடா விவகாரம் நடந்த ஆண்டுகளில் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராய் வீற்றிருந்தவர் இதே கௌவாஸ்ஜி. எதிர்வரிசையிலிருந்து அந்த சர்க்காரை வாட்டியவர் நாரிமன். வகுப்பு ஒன்றேயாயினும் பழைய பகை அவ்வளவு சுலபத்தில் நட்பாகியிருக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் முன்ஷியிடமும் அவருக்குப் பிரியமில்லை என்பதை மறுப்பதற்கில்லை. உதவி செய்யாதிருப்பதற்கும் எதிரிக்கு உதவி செய்வதற்கும் இடையே உள்ள தூரம் தேர்தல் சமயத்தில் மிகவும் குறுகியது.

1937 பிப்ரவரியில் புதிய அரசியல் சட்டப்படி மாகாணத் தேர்தல்கள் நடந்தன. பம்பாய்ச் சட்டசபையின் 175 ஸ்தானங்களில் ஏறத்தாழப் பாதியைக் காங்கிரஸ் பிடித்தது. கட்சிக்குத் தலைவராகிறவரே பிரதம மந்திரியாவார். நகர மக்களைக் கேட்டிருந்தால் நாரிமன் பெயரைத் தவிர வேறு பெயரைச் சொல்லியிரார்கள். ஆனால் மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி கூடிய கட்சிக்கூட்டம் பி. ஜி. கேர் அவர்களைத் தலைவராகத் தெரிந்தெடுத்தது. கேர் உத்தமமான மனிதர், ஸொலிஸிடர். எனினும் நாரிமனுக்கு இருந்த பிரசித்தியில் நூற்றில் ஒரு பங்கும் அன்று அவருக்கு இல்லை.

நகரத்தில் கொதிப்பு எழுந்தது. ஹார்னிமன் துரை நடத்திய பாம்பே சென்டினல் முதலான பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. படேல் தம் செல்வாக்கைப் பிரயோகித்து நாரிமனை ஒதுக்கிவிட்டார், பார்ஸி என்பதற்காகவே அவர் தள்ளப்பட்டார் என்பது அவற்றின் வாதம். நாரிமனும் காரியக் கமிட்டிக்கு முறையிட்டார். நேரு அவர்கள் அப்போது காங்கிரஸ் தலைவர். அவருக்கும் நாரிமனுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் நாளாக நாளாகச் சூடு ஏறிற்று.

படேல் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிடலாகாது. அக்காலத்துப் பம்பாய் மாகாணம் என்பது நகரம் மாத்திரமன்று. குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மூன்று தேசப் பகுதிகளும் அதில் அடங்கியிருந்தன. காங்கிரஸின் ஏற்பாட்டில் அம்மூன்றுக்கும் நகரத்துக்குமாக நான்கு தனித்தனிக் கமிட்டிகள். நாரிமன் தலைமை வகித்தது நகரக் கமிட்டிக்கே. சட்டசபைக் கட்சியிலோ நகர அங்கத்தினர்கள் சொற்பம். புனாக்காரருக்கும் தார்வார்க்காரருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கலாம். அவரோடு கூடி உழைத்த பழக்கம் கிடையாது. மகாராஷ்டிர அங்கத்தினர்கள் தம்மவர் ஒருவரை விரும்பியது இயற்கை. குஜராத்தியர் படேலின் குறிப்பறிந்து நடப்பவர்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், படேல் வாய் திறவாதிருந்தாலும் நாரிமன் வென்றிருப்பது நிச்சயமில்லை. ஆனால் படேல் வாய் திறவாமல் இருந்தாரா என்பதுதான் கேள்வி. அவருடைய மௌனத்துக்கும் பொருள் உண்டென்று கட்சியில் யாவரும் அறிவர்.

நம் சென்னை மாகாணத்தில் அதே 1937-இல் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தீரர் சத்தியமூர்த்தி சட்டசபை வாதத்தில் எவருக்கும் இளைத்தவரல்லர். தேர்தலில் கட்சிக்காக ஊர் ஊராக அலைந்தவர். தாம் நிற்க எண்ணியிருந்த சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜி அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். மந்திரிசபை அமைந்தபோது அவருக்கு அதில் இடமில்லை. அவர் மனம் புண்பட்டதென்பது ஊரறிந்த விஷயம். ஆயினும் முறையீடு, விசாரணை என்று அவர் போகவில்லை. மத்திய சட்டசபைப் பணியைத் தொடர்ந்தார், 1939-இல் சென்னை மேயராகிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார், 1943-இல் காலமானார். சத்தியமூர்த்தியின் வழி நாரிமனுக்கும் திறந்தேயிருந்தது. அவர் சுபாவம் வேறு. அநியாயம் என்று பட்டதை மனத்திற்குள் விழுங்கத் தெரியாதவர். பின்வளைகுடாவில் அவருக்கு வெற்றி தந்ததும் அந்தச் சுபாவமே.

பக்ஷபாதமற்ற விசாரணை வேண்டும் என்று நாரிமன் பிடிவாதமாகக் கேட்டார். காந்தியடிகள் தாமே விசாரிக்க முன்வந்தார். துணைக்குப் பம்பாயின் முன்னாள் அட்வகேட் ஜெனரல் டி. என். பகதூர்ஜி அவர்களைச் சேர்த்துக்கொண்டார். பகதூர்ஜி பார்ஸி, சட்ட நிபுணர், கட்சிச் சச்சரவுகளில் சம்பந்தப்படாதவர். விசாரணைக்கு இரண்டு விஷயங்கள்: 1937-இல் படேல் முறைகேடாக நாரிமனைத் தடுத்தாரா, 1934-இல் நாரிமன் தம் கட்சிக்குத் துரோகம் செய்தாரா. இரண்டாவதை இதில் சேர்த்ததனால், முறையீடு செய்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. கட்டுக் கட்டாகச் சாட்சியங்கள் வந்தன. இருவரும் கண்ட முடிவு ஒன்றே: படேல் மீது சாட்டிய குற்றம் நிலைபெறவில்லை, நாரிமன் மீது சாட்டிய குற்றம் நிலைபெற்றது.

முடிவை முதலில் நாரிமன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்தும் இட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, அந்த ஒப்புதலை வாபஸ் வாங்குவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். ஆபீஸ் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், கையெழுத்திட்ட காகிதம் கையை விட்டுப் போனபின் அதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது. அவர்மீது அனுதாபம் கொண்டிருந்தவர்கள்கூட இதனால் சங்கடப்பட்டார்கள். 1937 முடிவதற்குள் காரியக் கமிட்டி, காங்கிரஸில் நம்பிக்கையும் பொறுப்பும் வாய்ந்த எந்தப் பதவியையும் வகிக்க அவர் தகுதியற்றவர் என்று தீர்மானம் செய்துவிட்டது. சிறை சென்று, கோர்ட்டில் நின்று, மேயராகி, மகாசபைக்கு வரவேற்புக் கூறியவருக்கு மூன்றே வருஷத்தில் இந்தக் கதி. 1934-இல் அவர் கடமையில் தவறினார் என்றே வைத்துக்கொண்டாலும், தவறிய உடனே கேட்காமல் மூன்று வருஷம் பதவியில் இருத்திவிட்டு, அவர் வாய் திறந்து முறையிட்ட பிறகு அதை எடுத்துத் தண்டித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றத்துக்கு உரிய தண்டனை வேறு. முறையிட்டதற்குத் தண்டனை வேறு.

இதற்கிடையே கவர்னரின் அதிகாரத்தைக் குறித்த தகராறால் காங்கிரஸ் சில மாதம் பதவி ஏற்காதிருக்க, தன்ஜிஷா கூப்பர் என்ற வேறொரு பார்ஸிக் கனவான் இடைக்கால மந்திரிசபை நடத்தினார். ஜூலையில் கேர் மந்திரிசபை பதவி ஏற்றது. 1934-இல் தோற்ற முன்ஷி அதில் உள்நாட்டு மந்திரியானார்.

காங்கிரஸின் தலைமைப் பீடத்தோடு சுபாஷ் சந்திர போஸ் மோதி வெளியேறி, 1939-இல் பார்வர்ட் பிளாக் ஸ்தாபித்தபோது, அதன் அகில இந்திய மகாநாடு பம்பாயிலேயே நடந்தது. அதன் காரியதரிசிகளுள் ஒருவராக நாரிமன் அமைந்தார். அடிபட்ட ஒருவர் மற்றோர் அடிபட்டவரோடு சேர்ந்தது வியப்பன்று. ஆயினும் பழைய செல்வாக்கு அவருக்கு மீளவில்லை. வக்கீல் தொழிலும் நகர விவகாரங்களுமாகக் கடைசி ஆண்டுகள் சென்றன.

மௌலானா ஆஸாத் அவர்களின் சுயசரிதை, அவர் காலமான மறுவருஷமாகிய 1959-இல் வெளிவந்தபோது இந்தப் பழைய வழக்கு மறுபடியும் பேச்சுக்கு வந்தது. பம்பாயில் நாரிமனுக்கும் பீஹாரில் டாக்டர் ஸையத் மஹ்மூதுக்கும் இழைக்கப்பட்டது அநியாயம் என்றும், சிறுபான்மை வகுப்பினராக இருந்ததே அவர்கள் விலக்கப்பட்டதற்குக் காரணம் என்றும், காங்கிரஸ் தன் கொள்கைக்கு அவ்விடத்தில் உயரவில்லை என்றும் ஆஸாத் எழுதியிருந்தார். 1937-இல் படேலோடு ஒரே கமிட்டியில் அமர்ந்திருந்தவர் கூறியதாகையால் அதற்குக் கனம் அதிகம். படேலின் பக்ஷத்தினர் இதனை ஒப்பவில்லை. இரு விசாரணையாளர்களின் முடிவையும், கட்சிக்கூட்டத்தில் கேருக்கு இருந்த ஆதரவையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஆஸாத் அன்றைக்கே இதைக் கமிட்டியில் உரக்கச் சொல்லியிருந்தால் நாரிமனுக்குப் பயன்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. சொல்லவேண்டியவர்கள் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல், பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் எழுதினார்கள்.

அந்தப் புத்தகத்தைப் படிக்க நாரிமன் இருக்கவில்லை. 1948 அக்டோபரில் அவர் டில்லியில் காலமானார். தாணாவில் பிறந்து பம்பாயிலேயே வாழ்ந்தவருக்கு மரணம் வெளியூரில் வாய்த்தது. வயது அறுபத்தைந்து. அன்று உபப் பிரதம மந்திரியாக டில்லியில் இருந்தவர் சர்தார் படேல். பம்பாயில் இரண்டாம் முறையாகப் பிரதம மந்திரி பதவியை வகித்துக்கொண்டிருந்தவர் பி. ஜி. கேர். சர்ச்கேட் தெரு என்று வழங்கிய சாலைக்கு நாரிமன் பெயர் இடப்பட்டது அதன் பிறகுதான்.